இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த ஒரு நிமிடம்

அடி விழுந்தது அவருக்கு. வண்டியை ஓட்டியது நான். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு இதைச் சொல்ல எனக்கு இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று.

வண்டி ஓர் ஐரோப்பிய கம்பெனியின் டீசல் செடான். சின்ன செடான்தான், வெள்ளி நிறம். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடியதுபோல ஒரு கனத்த சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன் என்றாலும் பொய்யில்லை. இந்த மாதிரி இன்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாகச் சுற்றும்போது எவ்வளவு மிதித்தாலும் அசையாது. ஓர் அளவைத் தாண்டியதும் டர்போ விழித்துக்கொள்ளும்; முதுகில் யாரோ எட்டி உதைத்ததுபோல வண்டி பாயும். இன்னொன்று, ஓடி வந்து நின்ற உடனே சாவியைத் திருப்பி அணைக்கக் கூடாது. டர்போ கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகுதான் அணைக்க வேண்டும். வாங்கிய அன்று மெக்கானிக் சொன்னது. ஏழு ஆண்டுகளில் ஒரு நாள்கூட நான் அதைத் தவறவிட்டதில்லை.

ஏழு ஆண்டுகளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தேதி, நேரம், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், எங்கிருந்து எங்கே, ஓட்டியது யார். படித்த பயணக்குறிப்புகளின் பாதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய மனிதர்கள் கப்பலில் போய்க்கொண்டே எழுதினார்கள். நான் பீர்க்கன்கரணை ஏரிக்கரையிலிருந்து தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்வந்து எழுதினேன்.

அந்த நோட்டைப் புரட்டினால் பாதிக்கு மேல் சண்டைதான். பெருங்களத்தூரில் பஸ் உரசி வலது கண்ணாடி பிய்ந்துபோனது. முடிச்சூர் சாலையில் ஹாரன் அடித்ததற்காக ஒருவன் பைக்கிலிருந்தே கதவை உதைத்தது. அந்த ஒடுக்கு இன்றும் இருக்கிறது. இரும்புலியூரில் பின்னால் இடித்துவிட்டுச் சிரித்தவனை நோக்கி வீல் ஸ்பானரோடு நான் இறங்கியது. அவன் என் கையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். அந்தப் பக்கத்தில், "ஸ்பானர் பயன்படவில்லை" என்று எழுதியிருந்தேன். அன்று அதைப் பெருமையாகவே எழுதினேன்.

சென்ற ஆடி மாதம் நடந்தது இது. வெள்ளிக்கிழமை. வழக்கு இன்னும் நடப்பதால் தேதியை மட்டும் இங்கே எழுதவில்லை. எனக்கு இடது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு வாரம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஆக்டிங் டிரைவர் ஒருவரை வைத்துக்கொண்டோம். வேண்டிய நாளுக்கு மட்டும் போன் செய்தால் வந்து, நம் வண்டியையே ஓட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறவர். நாற்பது வயதிருக்கும். யாரும் கேட்காமலே வெள்ளைச் சட்டையும் வெள்ளை பேன்ட்டும் போட்டுக்கொண்டு வருவார். கை சுத்தம், நேரம் சுத்தம். ஆனால் அவர் கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கமாட்டார். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"சார், இது வண்டியா, புது மாப்ளையா? தொட்டதுக்கெல்லாம் கோச்சிக்குது" என்பார்.

நான் நோட்டை எடுத்தால், "அதுல நான் எத்தினி தபா தும்முனேன்னும் எழுதுவீங்களா சார்?" என்பார்.

உண்மையில் ஓட்டியது யார் என்று எழுதும் பழக்கமே அவரைப் போன்றவர்களுக்காக வந்ததுதான். நாளைக்குக் கிளட்ச் தேய்ந்தால் யார் காலில் தேய்ந்தது என்று தெரிய வேண்டுமல்லவா.

அன்று மகளைச் சிறுசேரியில் அவள் அலுவலக வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். சோழிங்கநல்லூர் தாண்டும்வரை பொறுத்தேன்.

"மூணாவது கியர்ல முப்பதா? இன்ஜின் திணறுது, கேக்கலையா?"

"கேக்குது சார். நீங்க பேசறதும் கேக்குது."

"ஓரமா நிறுத்துங்க. நான் ஓட்டறேன்."

"டாக்டர் வேணான்னாருன்னு அம்மா சொல்லி அனுப்பினாங்களே சார்."

"அம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன்."

அவர் இறங்கிச் சுற்றி வந்து இடது சீட்டில் உட்கார்ந்தார். நான் நோட்டை எடுத்து நேரத்தையும் மீட்டரையும் பார்த்து எழுதினேன்: 11.25. 61,398. ஓட்டியது: நான். பிறகு கிளம்பினேன். மூன்று வாரத்துக்குப் பிறகு ஸ்டியரிங் கையில். சொர்க்கம்போல இருந்தது.

பெரும்பாக்கத்தில் ஓர் அம்மன் கோயில் சாலையை ஒட்டியே இருக்கிறது. ஆடி வெள்ளி என்பதால் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வேப்பிலைத் தோரணம், ஒலிபெருக்கி, தூக்குவாளியோடு வரிசை. எனக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே ஊர்ந்தது. அதைத் தாண்ட வலப்பக்கம் ஏறி மிதித்தேன். வண்டி அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். பாதி லாரியைத் தாண்டியபோது டர்போ உதைத்தது. லாரிக்கு முன்னால் இடப்பக்கச் சந்திலிருந்து மொபெட்டில் ஒருவர் வந்துகொண்டிருந்தார், பின்னால் மீன் பெட்டி. லாரிக்காரர் அவருக்காகத்தான் வேகத்தைக் குறைத்திருக்கிறார். எனக்கு இடது பக்கம் எல்லாம் பால் ஊற்றியதுபோலத் தெரிந்தது.

சத்தம் இரண்டு முறை கேட்டது. முதலில் தகரம். பிறகு எலும்பு. இரண்டாவது சத்தம் சின்னதாகத்தான் இருந்தது, ஆனால் அதுதான் காதில் நின்றுவிட்டது. ஐஸ் துண்டுகள் கண்ணாடிமேல் கொட்டின. ஒரு சங்கரா மீன் வைப்பரில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது.

நான் இறங்கினேன். இன்ஜினை அணைக்கவில்லை. அந்த நேரத்திலும் கை பழக்கத்தை விடவில்லை: ஒரு நிமிடம் ஓடட்டும். ஹேண்ட்பிரேக் போட மறந்திருந்தேன். முன்பக்கமாகச் சுற்றி ஓடி, அடிபட்டவர் பக்கம் போய் நின்றேன். அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. சாலைச் சரிவில் வண்டி மெல்ல அவரை நோக்கி நகர்ந்தது. அதற்குள் தானும் இறங்கிவிட்டிருந்த டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, பின்பக்கமாகச் சுற்றி ஓடி வந்து, வலது சீட்டில் தாவி உட்கார்ந்து பிரேக்கை மிதித்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். இன்ஜினை அணைத்தார். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். இன்னும் ஒரு அடி நகர்ந்திருந்தால் சக்கரம் அந்தக் காலின்மேல் ஏறியிருக்கும்.

கூழ் வரிசை ஓடி வந்தது. அவர்கள் கண்ட காட்சி இதுதான்: டிரைவர் சீட்டில் வெள்ளைச் சட்டை, கையில் சாவி.

சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். தலை கதவின் மேல்விளிம்பில் மோதியது. முதல் அறை இடது காதில் விழுந்தது. கை விரித்து விட்ட அறை. பட்டாசு வெடித்ததுபோலக் கேட்டது.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

"நான் ஓட்டலண்ணா."

"எல்லா டிரைவரும் இதத்தான்டா சொல்றீங்க. சாவி யார் கைல கீது? உன் ஆயா கைலயா?"

கீழே தள்ளினார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றினான். ஒருவன் கூழ் அண்டாவில் கிடந்த நீளக் கரண்டியோடு வந்தான். அதில் இன்னும் கூழ் ஒட்டியிருந்தது. அடி விழும்போதெல்லாம் வெள்ளைச் சட்டைமேல் கூழும் ரத்தமும் சேர்ந்தே தெறித்தன. அவர் தலையை இரண்டு முழங்கைக்குள் புதைத்துக்கொண்டு சுருண்டார். விலாவில் உதைத்தார்கள். ஒருமுறை முகத்தைத் தூக்கி, கால்களுக்கு நடுவே என்னைத் தேடி, "சார்" என்றார். கத்தவில்லை. வழி கேட்பவர் மாதிரி சொன்னார்.

நான், "அடிக்காதீங்க, விடுங்க" என்றேன். அதைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கரண்டி என் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். என் கண்ணில் புதிதாக வைத்த லென்ஸ் நினைவுக்கு வந்தது.

ஒருவர் என் தோளைப் பிடித்து நிழலுக்கு அழைத்துப் போனார். "சார், நீங்க இப்டி ஒக்காருங்க. இவனுங்கள நம்பி வண்டியக் குடுத்தா இப்டித்தான்." ஒரு டம்ளரை நீட்டினார். கூழ், சின்ன வெங்காயம் போட்டது. "குடிங்க சார், இல்லாட்டி மயக்கம் வரும்."

குடித்தேன். முழு டம்ளரும் குடித்தேன். பத்தடி தள்ளி அவரை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நிறுத்தியது கூழ் ஊற்றிய அம்மாள்தான். "ஆத்தா வாசல்ல ரத்தம் சிந்தினா எவன்டா கழுவறது?" என்று அவர் கேட்டதும் கை தளர்ந்தது. மீன்காரரை ஆட்டோவில் ஏற்றினார்கள். அவருக்கு நினைவில்லை. போலீஸ் வந்தது. எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள், என் வண்டியை ஒரு காவலர் ஓட்டி வந்தார். ஜீப்பில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் இடது காதில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஸ்டேஷனுக்கு மீன்காரரின் மனைவி வந்தார். நேராக வெள்ளைச் சட்டையிடம் போய் இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்தார். "எங்க வூட்டுக்காரு கால வாங்கிட்டியேடா. மூணு புள்ளைங்களுக்கு நீயாடா சோறு போடுவ?" டிரைவர் கையைக்கூடத் தூக்கவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "லைசென்ஸ் குடு."

டிரைவர் உள்பையிலிருந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டதை எடுத்தார். கொடுக்காமல் பிடித்துக்கொண்டார். "இத வாங்கினீங்கன்னா எனக்கு வேற தொழில் தெரியாது சார். நான் ஓட்டல. சாரைக் கேளுங்க."

சப் இன்ஸ்பெக்டர் என்னிடம் திரும்பினார். "நீங்க எங்க சார் ஒக்காந்திருந்தீங்க?"

"முன்னாடி சீட்ல" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான்.

டிரைவர் லைசென்ஸை மேசைமேல் வைத்தார்.

"வண்டி பேப்பர் எடுத்துட்டு வாங்க" என்றார் சப் இன்ஸ்பெக்டர். வெளியே போனேன். கதவின் மேல்விளிம்பில் ரத்தம் காய்ந்திருந்தது. டிரைவரை இழுத்தபோது அறுந்த சட்டைப் பட்டன் ஒன்று சீட்டில் கிடந்தது. டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், அவற்றின்மேல் நோட்டு. திறந்தேன். 11.25. 61,398. ஓட்டியது: நான். என் கையெழுத்து, கொஞ்சம் உற்சாகமாகவே சாய்ந்திருந்தது.

அந்தத் தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். ஏழு ஆண்டில் அதில் ஒரு தாள்கூடக் கிழித்ததில்லை. அரை அங்குலம் கிழிந்தது. அப்போது ஏப்பம் வந்தது. கூழும் சின்ன வெங்காயமும். கதவோரம் குனிந்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, பேப்பர்களோடு நோட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"ஓட்டினது நான்தான் சார். கண் ஆபரேஷன் ஆகி மூணு வாரம்தான் ஆகுது. இதுல எழுதியிருக்கேன்."

மணி ஒன்று ஐம்பத்தைந்து.

சப் இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கத்தைப் படித்தார். கிழிந்த அரை அங்குலத்தை விரலால் தடவிப் பார்த்தார். "எதுக்கு சார் இதெல்லாம் எழுதறீங்க?" என்றார்.

"பழக்கம்."

மீன்காரரின் மனைவி என்னையும் டிரைவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப இந்தாள ஏன் அடிச்சாங்க?" என்று கேட்டார். அவரும் சற்று முன் அடித்திருந்தார். அந்தக் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

நோட்டையும் என் லைசென்ஸையும் வாங்கிவைத்துக்கொண்டார்கள். டிரைவருடையதைத் திருப்பிக் கொடுத்தார்கள். மகள் வந்து ஜாமீனில் என்னை வெளியே அழைத்து வந்தபோது டிரைவர் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். எனக்காகத்தான் காத்திருந்திருக்கிறார். கிட்டே வந்தார். என் மூக்குக்கண்ணாடியைத் தானே கழற்றி, மடக்கி, என் சட்டைப் பையில் வைத்தார். பிறகு அறைந்தார். வலது கன்னத்தில், ஆபரேஷன் செய்யாத பக்கம். வாயில் உப்புக் கரித்தது. மகள் அலறிக்கொண்டு நடுவில் வந்தாள்.

"ஒண்ணுதான்மா" என்றார் அவளிடம். என்னிடம், "நோட்டுதான் உள்ள மாட்டிக்கிச்சே சார். ஞாபகத்துல வச்சிக்கோங்க" என்றார். இடது காதைப் பொத்தியபடி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

மீன்காரர் இப்போது தடி ஊன்றி நடக்கிறார். டிரைவரின் செவிப்பறை கிழிந்திருந்தது. கார்த்திகைக்குள் ஓரளவு ஆறிவிட்டது, மறுபடி ஓட்டுகிறேன் என்று என் மனைவியிடம் போனில் சொன்னாராம். என்னிடம் பேசவில்லை. நான்கு முறை கூப்பிட்டேன்.

வண்டி ஏரிக்கரை வீட்டில் உறை போட்டு நிற்கிறது. பாட்டரி இறங்கிவிடக் கூடாது என்று வாரம் ஒருமுறை மகள் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்கிறாள். நான் வெளியே நிற்கிறேன். அணைக்கும்போது அவள், நான் சொல்லிக் கொடுத்தபடியே, ஒரு நிமிடம் காத்திருக்கப் பார்க்கிறாள்.

"வேண்டாம், உடனே அணை" என்கிறேன்.