பட்டிருப்புப் பாலத்தில் திறந்த சந்திரப் பெட்டி

காலை ஏழு மணிக்குப் பழுகாமத்திலிருந்து புறப்பட்டோம். யுத்த காலம். உழவு மெஷின் இழுத்த பெட்டியில் நானும் என் பல்கலைக்கழகத் தோழன் சுதனும், நடுவே சாக்கில் சுற்றிய எங்கள் இயந்திரமும். பட்டிருப்புப் பாலம் தாண்டிவிட்டால் களுவாஞ்சிக்குடியில் பஸ், இரவுக்குள் கண்டியில் எங்கள் வளாகம்.

இயந்திரம் சந்திரனில் மண் தோண்டுவதற்கு. அங்கே எடை ஆறில் ஒரு பங்குதான். வாளியை மண்ணில் அழுத்தினால் இயந்திரம்தான் மேலே எழும்பும். அதனால் பால்மா டின்னில் இரண்டு உருளைகள் செய்து, ஒன்றுக்கொன்று எதிராகச் சுழன்று அள்ளும்படி வைத்தோம். ஒன்றின் இழுவையை மற்றது சரிக்கட்டியது. பெரிய தலையிடி தூசிதான். சந்திரத் தூசி இடித்த கண்ணாடி மாதிரி, மோட்டரைத் தின்றுவிடும். நாங்கள் கண்டதில் அதற்குக் கிட்டடியானது பழுகாமத்தில் சுதனின் மாமாவுடைய நெல் ஆலையில் குவிந்து கிடந்த உமிச்சாம்பல். மோட்டர்ப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைத் துணி வைத்து, மூடியைத் திருகி, விளிம்பெல்லாம் அரக்கு ஊற்றிச் சாம்பலில் புதைத்து ஓட்டினோம். இனிப் பேராசிரியரின் கண் முன்னால் அரக்கை உடைக்க வேண்டும். துணி வெள்ளையாக இருந்தால்தான் எங்கள் வடிவமைப்பை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புவார்.

மெஷின் ஓட்டிய மூர்த்தியண்ணன் திரும்பினார். "வரக்குள்ள இதக் கழட்டித்தானே கொண்டந்தீங்க? இப்ப மூடிக் கிடக்கே. உள்ளுக்க என்னெண்டு ஆமிக்காரன் கேட்டா?"

சந்திரனின் சூடு, குளிர், தூசி எல்லாம் யோசித்த புத்திசாலிகளுக்குப் பாலத்தில் நின்று சோதிக்கிற ஆமிச் சென்ட்ரி மட்டும் மறந்துபோயிற்று. பாலம் தெரிய ஆரம்பித்திருந்தது. இனித் திரும்பினால் சுடுவார்கள்.

சாக்கை விரித்த சிப்பாய் பின்னால் பாய்ந்தான். வயர், பட்டரி, திறக்க முடியாத பெட்டி. துவக்கு சுதனின் நெஞ்சுக்கு நேரே வந்தது. அவனுடைய அடையாள அட்டையில் விலாசம் பழுகாமம், புலிகளின் பக்கம். அது ஒன்றே போதும் சந்தேகத்துக்கு.

அதிகாரி வந்தார். நான் மலைநாட்டு அட்டன்காரன், சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இது எங்கே போகிற சாமான் என்று கேட்டார்.

"ஹந்தட்ட, சேர்" என்றேன். சந்திரனுக்கு.

அவர் சிரிக்கவில்லை. சுதன் அதைத் தனியாக வாவிக்கரைக்குத் தூக்கிப் போய்த் திறக்க வேண்டும், மற்ற எல்லோரும் மண்மூட்டைக்குப் பின்னால் என்றார். நான் திறக்கிறேன் என்று கெஞ்சினேன். பழுகாமத்தான்தான் திறக்க வேண்டுமாம்.

"மச்சான், திறந்தா எல்லாம் போச்சே" என்றேன்.

"உசிர் கிடந்தா மறுகா செய்யலாம்டா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று திருகாணிகள் கழன்றன. நாலாவது அரக்கில் இறுகி நின்றது. சுதன் முழங்காலை ஊன்றி உலுப்பியபோது என் பக்கத்துச் சிப்பாயின் விரல் துவக்கில் அசைந்தது. போட்டியும் சந்திரனும் எங்கேயோ போய்விட்டன. இவன் அம்மாவுக்கு என்ன சொல்லுவேன் என்பது மட்டுமே மனதில் இருந்தது.

மூடி கழன்றது. சுதன் துணியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான்.

"வெள்ளைடா மச்சான்! துளி தூசி இல்ல!"

அத்தனை துவக்குகளுக்கு முன்னால் நின்று அந்தப் பைத்தியம் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

அதிகாரி பெட்டியைத் துழாவிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அதற்குள் வாவிக்காற்று உருளைகளில் கிடந்த சாம்பலைத் துணியிலும் மோட்டரிலும் இறைத்துவிட்டது. எங்கள் வெற்றியைக் கண்ட சாட்சிகள் அந்த ஆமிக்காரர்கள் மட்டும்தான். அவர்களை வளாகத்துக்குக் கூட்டிப் போகவா முடியும்?

துணியைப் பார்த்த பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார். மறுபடி செய்து வரச் சொன்னார். இந்த முறை சுதன் பெட்டிக்கு, திறக்காமலே உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் மூடி போட்டான். தகர மூடியை விட அது கனம். பேராசிரியர் தராசில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஒவ்வொரு கிராமும் பாரம். சந்திரனில் இதற்குள் எட்டிப் பார்க்க யார் இருக்கப் போகிறார்கள்?"

"தெரியா, சேர்" என்றான் சுதன். "ஆனா ஆராவது நிப்பாங்க."