ஆட்சேபனை இல்லை

எங்கள் கல்லூரிக் கட்டிடத்தில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் இருந்த பெயர் ரெண்டுங்கெட்டான். யார் வைத்தது என்று எனக்குத் தெரியும். சொன்னால் என் பென்ஷனுக்கு ஆபத்து, அதனால் விட்டுவிடுகிறேன். இருபத்தாறு வருடமாக இந்த அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறவள் நான். எத்தனையோ பேராசிரியர்கள் வந்தார்கள், போனார்கள். வீட்டுக்குப் போய் நான் அழுதது இவள் ஒருத்திக்காகத்தான்.

கட்டிடத்தின் இடது பக்கம் மேலாண்மைத் துறை, வலது பக்கம் தொழில்நுட்பத் துறை. நடுவில் என் மேசையும் ஜெராக்ஸ் மெஷினும். இரண்டு துறையும் சேர்ந்து ஆராய்ச்சி பண்ண வேண்டும், சேர்ந்து பாடம் நடத்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்த வருடம் அவளை எடுத்தார்கள். இரண்டுக்கும் பொதுவான ஒரே ஆள். ஐந்து வருட ஒப்பந்தம். அது முடியும்போது ஏதாவது ஒரு துறை ‘இவர் எங்கள் ஆள்’ என்று எழுத்தில் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

பொறியியல் படித்தவள். பம்பு செய்கிற தொழிற்சாலையில் பத்து வருடம் இருந்துவிட்டு, அப்புறம் மேலாண்மையில் முனைவர் பட்டம் வாங்கினாள். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் என்று ஒன்று நடந்தது, சரிப்பட்டு வரவில்லை. கூட இருந்தது அப்பா மட்டும்தான். பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்துவிட்டவர். வளாகக் குடியிருப்பில் தரைத்தளத்தில் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். படி கிடையாது, சக்கர நாற்காலி உள்ளே போகும், வெளியே வரும். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் ஓடிப்போய் அவரைப் பார்த்துவிட்டு வருவாள். வேலை போனால் அந்த வீட்டையும் ஒரே மாதத்தில் காலி பண்ண வேண்டும். “அப்பாவைத் தூக்கிக்கிட்டு நான் எந்த மாடி ஏறுவேங்க்கா?” என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாடம் நடத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. இரண்டு துறைப் பிள்ளைகளையும் கலந்து உட்கார வைப்பாள். முதல் வாரமே அரசு மருத்துவமனையில் மருந்து வாங்கும் வரிசைக்கு அனுப்பிவிடுவாள். நாலு மணி நேரம் நிற்க வேண்டும், யார் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், ஏன் காத்திருக்கிறார்கள் என்று எழுதிவர வேண்டும். தொழில்நுட்பப் பிள்ளைகள் நிமிடக் கணக்கோடு வந்தார்கள். இன்னும் இரண்டு ஜன்னல் திறந்தால் தீர்ந்தது என்றார்கள். மேலாண்மைப் பெண் ஒருத்தி மட்டும் மருந்தாளரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். சில மருந்துகளுக்கு ஒரு கையெழுத்து வேண்டுமாம், அதற்கு அந்த மனுஷன் பக்கத்துக் கட்டிடத்துக்கு ஒரு நாளைக்கு முப்பது தடவை நடக்கிறாராம். பத்து ஜன்னல் திறந்தாலும் வரிசை அப்படியேதான் நிற்கும். இரண்டு கூட்டமும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். கையெழுத்துப் போடுகிற அதிகாரியை மருந்துக் கூடத்துக்கே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. அதைத்தான் அவள் கட்டுரையாக எழுதினாள். நல்ல மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது.

ஐந்தாம் வருடம் அந்தக் கட்டுரைதான் அவளுக்கு எமனாக வந்தது. எந்தெந்த இதழில் எழுதினால் மதிப்பு என்று இரண்டு துறைக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. மருத்துவ இதழ் இரண்டிலுமே இல்லை.

மேலாண்மைத் தலைவியை நாங்கள் கோட்பாட்டம்மா என்போம். பச்சைத் தண்ணீரைக் கொடுத்தாலும் அதில் கோட்பாடு எங்கே என்று தேடுகிற ரகம். “கட்டுரை நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இதுல கோட்பாடு எங்க? இது தொழில்நுட்பம். நீங்க அந்தப் பக்கம் பேசிப் பாருங்க” என்றார். தொழில்நுட்பத் தலைவர் சூத்திரம் சார். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, “இதுல புதுசா என்னம்மா கணக்கு இருக்கு? பேச்சுவார்த்தை நடத்தி ஒருத்தரோட மேசைய மாத்திருக்கீங்க. இது மேலாண்மை” என்றார்.

இப்படியே நாலு மாதம். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். என் மேசையைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் போவாள். முதலில் “வரேங்க்கா” என்று சொல்லிக்கொண்டு போனவள், கடைசியில் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை.

ஒரு நாள் தாங்க முடியாமல் நானே சூத்திரம் சாரிடம் போய் நின்றேன். “ஏன் சார், அந்தப் பொண்ண இப்படி அலைய விடுறீங்க? ஒரு வழி சொல்லுங்களேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேலாண்மைல விட்டுக்குடுக்கறதா எழுதித் தரட்டும். நாங்க எடுத்துக்கறதப் பத்தி யோசிக்கிறோம்.”

யோசிக்கிறோம் என்றுதான் சொன்னார். என் காதில் எடுத்துக்கொள்கிறோம் என்று விழுந்தது. பேராசை. ஓடிவந்து நானே கடிதத்தை அடித்தேன். அன்னார் மிகச் சிறந்த ஆசிரியர், அவர் தொழில்நுட்பத் துறைக்குச் செல்வதில் எங்களுக்கு யாதொரு ஆட்சேபனையும் இல்லை. கோட்பாட்டம்மா ஒரு கமாவைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அவளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். “இனிமே நிம்மதியா தூங்கும்மா” என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

தேர்வுக் குழு கூடிய அன்று குறிப்பெடுக்க நானும் உள்ளே இருந்தேன். தலைமையில் கல்லூரி முதல்வர், இரு பக்கமும் இவர்கள் இருவர். அவள் வெளியே பெஞ்சில். சூத்திரம் சார் அந்தக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ஐயா, இதப் பாருங்க. அஞ்சு வருஷம் கூடவே இருந்து பார்த்த துறை. ஒரே மணி நேரத்துல ஆட்சேபனை இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நல்ல ஆளா இருந்தா இப்படி விடுவாங்களா?”

எனக்குப் பேனா ஓடவில்லை. கோட்பாட்டம்மாவாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். திறந்தார். “உங்களுக்கு வேணும்னுதானே குடுத்தோம்? உங்களுக்கே வேண்டாம்னா எங்களுக்கு மட்டும் எதுக்கு?”

முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடத்தில் முடிந்தது. ‘இரு துறைகளும் பரிந்துரைக்கவில்லை’ என்று நான்தான் எழுதினேன். அந்தக் கடிதத்தை அடித்த அதே கைதான். அடிப் பாவி, உனக்கு ஏன் இந்த வேலை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். வெளியே வந்து அவளிடம் சொன்னபோதும் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு வாரம் கழித்து, நூலகப் பாக்கி இல்லை என்பதற்குச் சீட்டு வாங்க என் மேசைக்கு வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. ஊரெல்லாம் வீடு தேடியிருக்கிறாள், தரைத்தளம் எங்கேயும் கிடைக்கவில்லை. நான் சீல் எடுக்கத் திரும்பிய நேரத்தில் என் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டாள். காலியான இடத்துக்கு மேலிடம் உடனே ஆள் கேட்டிருந்தது. நான் விளம்பரம் அடித்துக்கொண்டிருந்தேன். மேலாண்மை, தொழில்நுட்பம் இரண்டிலும் தேர்ச்சி வேண்டும். தொழிற்சாலை அனுபவம் விரும்பத்தக்கது. மருத்துவமனைகளில் களப்பணி செய்தவர்களுக்கு முன்னுரிமை.

அவள் குனிந்து படித்தாள். முகத்தில் லேசாகக் களை வந்தது.

“அக்கா, இதுக்கு நான் அப்ளை பண்ணலாமா?”

கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டாள். கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு, நான் சரி என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

திரையைக் கீழே நகர்த்தினேன். இதே பணியில் நிரந்தரம் மறுக்கப்பட்டவர்கள் விண்ணப்பிக்கத் தகுதியற்றவர்கள். அரை மணி நேரத்துக்கு முன்னால் நான் அடித்த வரி. அவள் இரண்டு தடவை படித்தாள்.

“அப்போ நான் எங்கங்க்கா போறது?”

இன்டர்காம் அடித்தது. எடுத்தேன். விளம்பரம் தயாரா என்று கேட்டார் கோட்பாட்டம்மா.