எட்டுத் தந்தியை நான்காக்கிய மரகதம் அம்மாள்

கடுகண்ணாவையில் மண் சரிந்து ரயில் பாதை அடைபட்டிருந்தது. அதைப் பார்த்து எழுதப் போயிருந்தேன். ஆட்கள் மண்ணை வெட்டி அள்ளிக்கொண்டிருந்தபோது, ஸ்டேஷன் கிளார்க் ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தோரமாக நடந்து வந்தார்.

"ரிப்போட்டர் ஐயா, கண்டியிலேருந்து டெலிபோன்ல சொன்னாங்க. நம்ம மாண்டலின் அம்மா காலையில போயிட்டாங்களாம். நெஞ்சு வலியாம்."

ரயில் இல்லாததால் பேராதனை வரை ஒரு லொறியிலும், அங்கிருந்து பஸ்ஸிலும் வந்தேன். என் வீட்டு வாசலில் அம்மாளின் குடும்பத்துக் கடைப் பையன் காத்திருந்தான். பத்திரிகையில் போட வேண்டிய மரண அறிவித்தலை அவன் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். "கணவரை இழந்தபின் உலக ஆசைகளைத் துறந்து, இறை வழிபாட்டில் அமைதியாகக் காலம் கழித்தவர்" என்று அதில் இருந்தது.

"இது யாரைப் பத்தி?" என்று கேட்டேன். அவன் விழித்தான்.

அறிவித்தல் காசு கொடுத்துப் போடுவது. அது அவர்கள் விருப்பப்படி வெளிவரும். இந்தக் கட்டுரை என் பொறுப்பு. மரகதம் அம்மாள் எதையும் துறக்கவில்லை. அமைதியாகவும் இருக்கவில்லை. அவர் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். கேளாதவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்மாள் புதுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்தவர். தகப்பனார் வயலின் வித்துவான். கொழும்பு வீதியில் அண்ணனோடு சேர்ந்து துணிக்கடை வைத்திருந்த சிவலிங்கம் அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டுக் கண்டிக்கு வந்தார். அக்காலத்தில் நான் தினமும் அந்தக் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஊர்ப் புதினம் கேட்பது வழக்கம். ஹேவாஹெட்டத் தோட்டமொன்றின் துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அலுமாரி வாங்கி வருவதாகச் சொல்லிப் போன சிவலிங்கம், சாயங்காலம் ஒரு தேயிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். பெட்டிக்குள் மாண்டலின் இருந்தது. அரைப் பூசணிக்காய் போன்ற முதுகு, இரண்டிரண்டாக எட்டுத் தந்திகள்.

"அலுமாரி எங்க?" என்றார் அம்மாள்.

"வேற ஆள் எடுத்துட்டான். இதுக்கும் வயலினுக்கும் ஒரே விரல்னு துரையோட பட்லர் சொன்னான். உனக்குத்தான்."

"சேலையெல்லாம் இதுக்குள்ளதான் மடிச்சு வைக்கணுமா?"

அப்படிச் சொன்னாரே தவிர, அன்று அடுப்பு மூட்ட நேரமாயிற்று. பட்லர் சொன்னது சரி. சுருதி சேர்க்கும் முறை வயலினுக்கும் மாண்டலினுக்கும் ஒன்றே. தகப்பனார் பழக்கிய விரல்களுக்கு மெட்டுக் கட்டைகளை மட்டுமே பழக வேண்டியிருந்தது. வாத்தியத்தைக் கடைசி வரை அந்தத் தேயிலைப் பெட்டியிலேயே வைத்திருந்தார். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பெட்டி. கண்டி ஈரத்தில் பசை விட்டுப் போகாமல் அது காத்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் மாண்டலினில் தேயிலை மணக்கும்.

அந்நாளில் அவருடைய வாசிப்பு நன்றாக இருந்தது. அவ்வளவுதான் சொல்வேன். எல்லா மாண்டலினையும் போல அதுவும் கிணுகிணுவென்று ஒலித்தது. சுரம் நிற்க வேண்டுமானால் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் வாக்குரிமை வந்த வருஷத்துக்கு முந்திய மழைக்காலத்தில் சிவலிங்கம் நெருப்புக் காய்ச்சலில் காலமானார். பிள்ளைகள் இல்லை. பதினாறாம் நாள், பெண்கள் உள்ளறையில் அம்மாளுக்குத் தாலி வாங்கும் சடங்கைச் செய்தார்கள். அதே நேரத்தில், துணிப் பேல்களின் இரும்புப் பட்டியை வெட்டும் கத்தரியைக் கடையிலிருந்து எடுத்து வந்து, மாண்டலினின் எட்டுத் தந்திகளையும் அறுத்தார் அவருடைய மூத்தார், அதாவது சிவலிங்கத்தின் அண்ணன். அந்த மனிதரின் பெயரை நான் எழுதவில்லை. கண்டியில் எல்லோருக்கும் தெரியும். அவர் இதைப் படிப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

"அவனோட எல்லாம் போச்சு. இனி இதுக்கு இங்க வேலையில்ல" என்றார். முற்றத்தில் நின்ற நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

உள்ளறையிலிருந்து அம்மாள் வெளியே வந்தார். அந்தக் கோலத்தில் அன்று ஆண்கள் முன் வரக்கூடாது என்பது வழக்கம். வந்தார்.

"தாலி அவருக்காகக் கட்டினது, வாங்கிட்டீங்க. தந்தி யாருக்காகக் கட்டினது, பெரியத்தான்?"

அம்மாள் வாத்தியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கும் விரிசல் இல்லை என்று கண்டுகொண்டு பெட்டியில் வைத்து மூடினார்.

கண்டியில் மாண்டலின் தந்தி கிடைக்காது. கொழும்புக்கு ஆளனுப்ப மூத்தார் விடமாட்டார். ஹோட்டல்களிலும் பெண்கள் பள்ளிக்கூடங்களிலும் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் வயதான பறங்கியர் ஒருவர் இருந்தார். அம்மாள் கேட்டுக்கொண்டபடி அவரிடம் அழைத்துப் போனேன். அவர் கம்பிச் சுருளைக் கையில் எடுத்துவிட்டு, மாண்டலினின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"லேடி, இது பியானோ கம்பி. தடிப்பு. எட்டையும் இழுத்தா கழுத்து பிஞ்சிரும்."

"அப்ப நாலு போதும்."

"நாலுன்னாலும் சுருதிய மேல ஏத்த ஏலாது."

"ஏத்த வேணாம். கீழேயே இருக்கட்டும்."

கிழவர் சிரித்துக்கொண்டே நான்கு கம்பிகளை வெட்டிப் பூட்டிக் கொடுத்தார். அம்மாள் அங்கேயே, உடைந்த ஆமையோட்டுச் சீப்பிலிருந்து தேய்த்தெடுத்த வில்லையால் முதல் தந்தியைத் தட்டினார். ஒலி எழுந்து, நின்று, நிதானமாகக் கீழே இறங்கியது. ஆணின் குரல் அளவுக்குத் தாழ்ந்த சுருதி. ஓயாமல் தட்ட வேண்டிய அவசியம் போய்விட்டது. ஒருமுறை தட்டினால் சுரம் தானாக நின்று பேசியது. ஜோடித் தந்தி ஒற்றைத் தந்தியானதால், விரலால் அதை ஒதுக்கி இழுத்துக் கமகமும் கொடுக்க முடிந்தது. இரண்டு தந்திகளை ஒரே அளவாக இழுப்பது யாராலும் ஆகாத காரியம்.

"இது மாண்டலின் இல்லை, லேடி" என்றார் கிழவர்.

"சரிங்க. வேற பேர் தெரியுற வரைக்கும் மாண்டலின்னே சொல்லுவோம்."

சத்தம் கடை மாடியில் இருந்த வீட்டிலிருந்து கீழே வந்த அன்றே மூத்தார் படியேறிப் போனார். இந்த வீட்டில் இருப்பதானால் அது கேட்கக் கூடாது, கேட்பதானால் வீட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார். மறுநாள் காலையில் மூட்டை தூக்கும் நாட்டாமை ஒருவனின் தலையில் தேயிலைப் பெட்டி, பின்னால் கையில் துணி மூட்டையுடன் அம்மாள். கொழும்பு வீதி முழுதும் பார்க்க, கண்டியிலேயே உள்ள கட்டுக்கலைக்கு நடந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியை வேலை கிடைத்தது. ஒற்றை அறை, ஜன்னல் தெருப்பக்கம். வாசிக்கும்போது அதை அவர் ஒருநாளும் சாத்தியதில்லை. அறைக்குள் கதிரை ஒன்றுதான் இருந்ததால், கேட்க வருபவர்கள் தெருவிலேயே நிற்பார்கள். மூத்தாரின் கடைக் கணக்கப்பிள்ளையையும் அங்கே பார்த்திருக்கிறேன்.

அந்த ஒலியின் புகழ் வெளியூருக்கும் போயிற்று. யாழ்ப்பாணத்துச் சங்கீத வாத்தியார் ஒருவர் விடுமுறையில் வந்தவர், வாத்தியத்தைக் கையில் வாங்கி, முதுகைத் தட்டி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஓம், இப்ப விளங்குது. இத்தாலிக்காரன்ர பழைய மரம். இந்த நாதம் மரத்திலதான் கிடக்கு" என்றார்.

"மரமில்லைங்க. எங்க பெரியத்தானோட கைங்கரியம்" என்றார் அம்மாள்.

வாத்தியார் அந்தப் பெரியவரைப் பார்த்து மரியாதை செய்ய வேண்டும் என்று முகவரி கேட்டார். அம்மாள் முகவரியைக் கொடுத்தும் விட்டார். கடையில் அவருக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று நான் விசாரிக்கவில்லை.

பிறகு மலேரியா வந்தது. கடுகண்ணாவைக்கு அப்பால் வீடு வீடாகச் செத்தார்கள். நிவாரணத்துக்காகக் கண்டியில் ஒரு கச்சேரி ஏற்பாடாயிற்று. அம்மாளைக் கேட்டார்கள், சம்மதித்தார். கச்சேரி அன்று காலையில் கமிட்டிச் செயலாளர் கட்டுக்கலைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"அம்மா, முன் வரிசையில பெரிய மனுசங்க வாறாங்க. முதல் கச்சேரி உங்களோடது. எடுத்த எடுப்பில இந்த வெள்ளைச் சேலையில..." என்று இழுத்தார். "திரைக்குப் பின்னாலருந்து வாசிச்சீங்கன்னா ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்ல."

"சத்தம் வேணும், ஆள் வேணாம். அப்பிடித்தானே?"

"அய்யோ, அப்பிடிச் சொல்லலம்மா."

"அப்ப ஒரு கிராமபோன் வாங்கி வைங்க. அதுக்குப் புருசன் செத்திருக்கானான்னு யாரும் கேக்க மாட்டாங்க."

சாயங்காலம் அவர் மண்டபத்துக்கு வந்தார். திரைக்கு முன்னால், மேடை நடுவில், வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்து சுருதி சேர்த்தார். முன் வரிசையில் இருந்த மூத்தார் எழுந்தார். அவரோடு முன்னிரண்டு வரிசையும் எழுந்து வெளியேறியது. கதிரைகள் இழுபடும் சத்தம் அடங்கும் வரை அம்மாள் மடியில் கை வைத்துக் காத்திருந்தார். பின்னால் நின்றுகொண்டிருந்த மணிக்கூட்டுக் கடை முஸ்லிம் நானா ஒருவர், "வாங்க வாப்பா, முன்னுக்கு எடம் கெடக்கு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு வந்து முதல் கதிரையில் உட்கார்ந்தார். இன்னும் சிலர் வந்தார்கள். எல்லாக் கதிரையும் நிரம்பியது என்று எழுதினால் பொய்யாகும். பாதிக்கு மேல் கடைசி வரை காலியாகவே கிடந்தது.

அவர் வாசித்தது கரகரப்பிரியா. தணிந்த சுருதியில் ஒவ்வொரு சுரமும் அந்தக் காலிக் கதிரைகளைத் தாண்டிப் பின்சுவர் வரை போயிற்று. அவசரம் இல்லை, கெஞ்சல் இல்லை. வாத்தியங்களின் ஒலியைப் பற்றி எழுதும்போது இனிமை என்ற சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவோம். அன்று அதைப் போட எனக்குக் கை வரவில்லை. அது தன் இடத்தை விட்டு நகர மறுக்கும் ஒருவரின் குரல்.

அதன்பின் எந்தச் சபையும் அவரை அழைக்கவில்லை. அவரும் எந்தச் சபையையும் கேட்கவில்லை. கட்டுக்கலை ஜன்னல் திறந்தே இருந்தது. போன கிழமை வரை வாசித்தார்.

உடலை அந்த அறையிலேயே கிடத்தியிருந்தார்கள். கொள்ளி வைக்க வேறு ஆளில்லாததால் மூத்தார் வந்திருந்தார். அவருடைய மனைவி, அம்மாளின் ஓரகத்தி, இத்தனை வருஷமும் அந்த அறைக்கு வர அனுமதி இல்லாதவர். வந்ததும் தலைமாட்டில் இருந்த தேயிலைப் பெட்டியின் மேல் கையை ஊன்றி உட்கார்ந்தார்.

"இது நம்ம வீட்டுக்கு வருது" என்றார் கணவரைப் பார்த்து.

நம் வழக்கப்படி தெரு முடியும் சந்தியோடு பெண்கள் திரும்பிவிட வேண்டும். மகியாவைச் சுடலைக்கு ஆண்கள்தான் போவார்கள். சந்தி வந்ததும் மூத்தார் திரும்பி, "பொம்பளைங்க இதோட நில்லுங்க" என்றார்.

"நீங்க நடங்க" என்றார் ஓரகத்தி. "அவ என்னிக்கு நின்னா, நாங்க நிக்க?"

பாடை நகர்ந்தது. அவர் சந்தியைத் தாண்டிக் கால் வைத்தார். பின்னால் தையல் வகுப்புப் பெண்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி. மழை தூறிக்கொண்டிருந்தது. ஆண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் நிற்கவில்லை. மேட்டில் ஏறும்போது வெள்ளை வேட்டிகளுக்குப் பின்னால் பல நிறச் சேலைகள் தெரு நிறைய வந்துகொண்டிருந்தன.

போய் வாருங்கள், அம்மா. சுடலை வாசல் வரை பெண்கள் வந்தார்கள். நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.