இத்தாவில் பார்த்த நட்சத்திரம்

கணவன் றிஷாட் மவுத்தானதிலிருந்து ஏறாவூர் நிஸ்மியா, கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் காக்கும் இத்தாவில் வீட்டோடு இருந்தாள். அழவில்லை. அடுத்தவள் கண்ணீரை அளந்து பார்க்கத்தான் எத்தனை பேர்! "கல்லு மனசுக்காரி" என்று றிஷாட்டின் உம்மாவான மாமியின் காதில் போட்டுவிட்டுப் போனார்கள். அவள் மடிக்கணினியைத் திறந்து, பல்கலைக்கழக ஆய்வைத் தொடர்ந்தாள்.

றிஷாட்டின் தங்கை றிஸ்னா தேத்தண்ணியோடு வந்தாள்.

"என்ன மதினி பாக்கிறீங்க?"

"இந்த நட்சத்திரத்த ஒரு கோள் நல்லாக் கிட்டச் சுத்துது. அதால நட்சத்திரத்திர புற ஊதாக்கதிர் கூடுதா எண்டு பாக்கன்."

"கூடுதா?"

"இல்ல. கோள் பக்கத்தில இருந்தாலும் இல்லாட்டியும் அதுக்கு ஒரே மாதிரித்தான்."

றிஸ்னா கோப்பையை வைத்துவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"இத உம்மாக்கிட்டச் சொல்லிராதீங்க, மதினி."