மெடிக்கலுக்கு நிற்கிற மாதிரி

நான் குடியிருக்கும் ஜெர்மன் சிற்றூரில் ஓர் ஏரி இருக்கிறது. ஜூன் மாதம் பிறந்துவிட்டால் ஊர் முழுக்க அங்கேதான். கரையில் ஓரிடத்தில் மூன்று எழுத்துப் பலகை ஒன்று நட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் யார் உடம்பிலும் துணி இருக்காது. வந்த முதல் வருடம் எனக்கு இது தெரியாது. டப்பாவில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு, பூப்போட்ட சுடிதாரில் பலகையைத் தாண்டி நடந்துவிட்டேன். எதிரே பக்கத்து வீட்டு மான்பிரெட் வந்தார். எழுபத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடியைத் தவிர மேலே ஒன்றுமில்லை. நின்று வணக்கம் சொல்லிவிட்டு, "உங்கள் தக்காளிச் செடிக்கு மண் போதாது" என்றார். நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி ஆமாம் ஆமாம் என்றேன். அன்றைய மேகங்களை இன்று கேட்டாலும் வரைந்து காட்டுவேன்.

அந்த ஏரி ஒரு காலத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். தோண்டி முடித்த குழியில் தண்ணீர் விட்டு ஏரியாக்கி, சுற்றிலும் மரம் வைத்துவிட்டார்கள். மான்பிரெட் அதில் முப்பது வருடம் பக்கெட் வீல் இயந்திரம் ஓட்டியவர். ராட்டினம்போல் சுற்றி மண்ணை வாரும் அதே இயந்திரத்தைத்தான் நெய்வேலியில் என் அப்பாவும் ஓட்டினார். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் ஷிஃப்ட் சங்கு கேட்டு வளர்ந்த நான், வெல்டர் குமாரைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறி, இன்னொரு சுரங்கத்தின் விளிம்பில் வந்து இறங்கியிருக்கிறேன். என் ஜாதகத்தில் குழி என்று எழுதியிருக்கும்போல.

இரண்டு வருடம் பேக்கரியில் வேலை செய்தேன். பிறகு மாலை நேரப் புகைப்பட வகுப்பில் சேர்ந்தேன். ஒரு மனிதரைப் படமெடுத்து வரச் சொன்னார்கள். மான்பிரெட்டிடம், ஏரிக்கரையில் உங்களை ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டேன். சரி என்று வந்தார். வந்தவர் மளமளவென்று எல்லாவற்றையும் கழற்றி, மடித்து, அதன்மேல் கண்ணாடியையும் வைத்துவிட்டு நின்றார். ஏரிக்கரை என்றால் அவருக்கு அப்படித்தான் அர்த்தம். போட்டுக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்ல அன்றைக்கு என்னிடம் ஜெர்மன் இல்லை. முன்பக்கம் போகக் கூச்சமாக இருந்ததால் சுற்றிக்கொண்டு முதுகுப்பக்கம் போனேன். பார்த்தால், எல்லாமே முதுகில்தான் இருந்தது. முப்பது வருட வெயிலில் கறுத்துச் சுருங்கிய கழுத்து, அதற்குக் கீழே சுருக்கமில்லாத தோல், இடுப்பில் பழைய தீக்காயம், ஒரு பக்கமாக இறங்கிய வலது தோள். ஒரு மனிதனின் வேலை முழுக்க அங்கே பதிந்து கிடந்தது. சந்தோஷத்தில் அடுத்தடுத்து எடுத்துத் தள்ளினேன். அதற்கப்புறம் அவருடைய நண்பர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், எல்லோரும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்கள்.

படங்களை ஊர் நூலகத்தில் மாட்டினார்கள். ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, "இதற்காக உங்கள் நாட்டில் உங்களைத் தண்டிப்பார்களா?" என்றார். இல்லை, என் அண்ணன் திட்டுவார் என்றேன். அவர் கையை இன்னும் இறுக்கிக்கொண்டார். விலங்கை உடைத்து வந்தவளாக என்னைப் பார்த்துவிட்டார், இனிமேல் என்ன சொன்னாலும் எடுபடாது. என்னோடு படித்த ஸ்டெஃபானும் ஆண்களைத்தான் எடுக்கிறான். அவனுக்கு ஆண்கள்மேல்தான் ஆசை என்று எல்லோரும் ஊகித்துச் சிரிக்கிறார்கள். அவனோ மனைவி பிள்ளைகளோடு முள்ளங்கி பயிரிடுகிறவன். ஊகம் சரியாகவே இருந்தாலும்தான் என்ன? பெண்ணின் உடம்பு படத்தில் இருந்தால் கலை என்று தலையாட்டுகிறார்கள். ஆணின் உடம்பு என்றால் எடுத்தவரின் நோக்கத்தைத் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். பூவைப் படமெடுக்கிறவரை யாராவது நீங்கள் வண்டா என்று கேட்கிறார்களா?

அண்ணன் திட்டுவார் என்று விளையாட்டாகச் சொன்னது பலித்தது. அந்தப் படங்கள் எப்படியோ எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்குள் வந்து விழுந்தன. மறுநாள் செல்வம் அண்ணன் கூப்பிட்டார். "தேன்மொழி கல்யாணத்துக்கு வா. ஆனா கேமராவ எடுத்தாராத. மாப்ள வூட்டுல கேட்டா பேக்கரில வேலன்னு சொல்லு. எம் பொண்ணு வாழப்போற எடம்மா அது." குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அதனால் சரி என்றேன். அப்பா அன்றிலிருந்து போனுக்கே வரவில்லை. கேட்டால் தூங்குகிறார், குளிக்கிறார் என்பார் அண்ணி. நான்கு மாதம் ஒரு மனிதர் அத்தனை குளியல் குளிக்க முடியாது. அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் எனக்கு ஒரே கவலை. கேமராவைத் துணிகளுக்கு அடியில் வைத்து எடுத்துக்கொண்டுதான் போனேன்.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, வடலூர் போகும் சாலையில் வீடு கட்டிக்கொண்டார்கள். போய் இறங்கியபோது "வா" என்ற ஒரு சொல், அதற்குமேல் இல்லை. இரண்டு நாள் பேப்பரே அவர் முகத்துக்கு முன்னால் இருந்தது. மூன்றாம் நாள் காலை, அண்ணன் பந்தல்காரரைப் பார்க்கப் போயிருந்தபோது, பேப்பரை மடித்துவிட்டு, "அந்தப் படத்தக் காட்டு" என்றார். லேப்டாப்பைத் திறந்து மான்பிரெட்டின் முதுகைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். சமையலறையில் அண்ணியின் கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று.

"குளிராதா இவனுக்கு?" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அப்பா அதைக் கண்டுகொள்ளாமல் திரையில் விரல் வைத்தார். "எக்ஸ்கவேட்டர் ஆப்பரேட்டருதான? தோளப் பாரு. கேபின்ல ஒரு பக்கமா சாஞ்சிகினு வீலையே பாத்துகினு ஒக்காந்தா இப்படித்தான் எறங்கும்." எழுந்து சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். எத்தனையோ நாள் பார்த்த முதுகுதான். அதில் அதே சரிவு இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"இதுல இன்னா அசிங்கம்?" என்றார். "பர்மனென்ட் ஆவறதுக்கு முன்னாடி மெடிக்கல் வச்சாங்க. இருவது பேரு, ஒருத்தன் மேலயும் துணி கெடையாது. வரிசையா நின்னோம். டாக்டர் ஒவ்வொருத்தனையா இருமச் சொல்லிப் பாத்து, ஃபிட்டு ஃபிட்டுன்னு சொல்லிகினே போனாரு. அன்னிக்கி வெக்கப்பட்டுகினு திரும்பி வந்திருந்தா உனக்கு ஏது ஸ்கூலு, ஏது குவார்ட்டர்ஸு?"

"அப்புறம் ஏம்ப்பா நாலு மாசமா பேசல?"

"என்னா பேசறதுன்னு தெரியல பாப்பா" என்றார்.

கல்யாணத்தன்று முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். குள்ளஞ்சாவடியில் உரக்கடை வைத்திருக்கும் சம்பந்தி எங்கள் எதிரே வந்து நின்று, "தங்கச்சி ஜெர்மனில என்னா வேல பாக்குதுங்க?" என்றார். "பேக்கரில..." என்று அண்ணன் முந்திக்கொண்டார். அப்பா ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "பேக்கரில்லாம் இல்லிங்க. போட்டோ புடிக்குது. சொரங்கத்துல ஒழச்சி ரிட்டயர் ஆனவங்கள நிக்க வச்சிப் புடிக்குது. துணி இல்லாம, நாங்கல்லாம் சொரங்க மெடிக்கலுக்கு நின்னமே, அந்த மாதிரி" என்றார்.

அண்ணன் கை இலையிலேயே நின்றுவிட்டது. சம்பந்தி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்பா பக்கத்தில் குனிந்தார்.

"நானும் மெடிக்கலுக்கு வந்து நின்னவந்தாங்க. ஒயரம் பத்தலன்னு அனுப்பிட்டாங்க. அவுத்ததுதாங்க மிச்சம்."

முதலில் சிரித்தது அண்ணன்தான். அப்படி அவர் சிரித்து நான் வருஷக்கணக்காகப் பார்த்ததில்லை. பந்தியே எங்களைத் திரும்பிப் பார்த்தது. "கேமராவ எடுத்தாந்தியா இல்லியா?" என்று அண்ணன் என்னைக் கேட்டார். துணிகளுக்கு அடியில் இருக்கிறது என்றேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு அவரே வண்டியில் போய் எடுத்து வந்தார்.

மண்டபத்துக்குப் பின்னால், வாழை இலைகளைக் கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில், அப்பாவும் அவரோடு வேலை பார்த்த மூன்று பேரும் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு எனக்கு முதுகு காட்டி நின்றார்கள். ஒருவர் வேட்டி முடிச்சில் கை வைத்து, "இதயும் அவுக்கணுமா பாப்பா?" என்றார். "ஐயோ வேணாம் மாமா, இதுவே போதும்" என்றேன். சம்பந்தி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவரைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் தயங்கினார், பிறகு பட்டுச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு வரிசையின் கடைசியில் வந்து நின்றார். மற்றவர்களைவிட அரைத்தலை குட்டை. உர மூட்டை தூக்கிய முதுகு, இரண்டு தோளும் சமமாக இருந்தன. நான் கேமராவைத் தூக்கியபோது அப்பா தலையைத் திருப்பி, அந்த டாக்டரின் குரலில், "ஃபிட்டு!" என்றார். சம்பந்தியின் முதுகு குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று முதுகைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. நான் அழுத்தியது அந்தக் கணத்தில்தான்.

அந்தப் படம் இப்போது இங்கே என் வீட்டுச் சுவரில், மான்பிரெட்டின் முதுகுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் தக்காளி நாற்று கொடுக்க வந்த மான்பிரெட் அதன் முன்னால் நின்றார். அப்பாவின் வலது தோளைத் தொட்டு, "இவர் நம்ம ஆள்" என்றார். பிறகு இடுப்பு வேட்டிகளைக் கவலையோடு பார்த்து, "உங்கள் ஊரில் அவ்வளவு குளிரா?" என்று கேட்டார்.

ஆமாம், கொஞ்சம் குளிர்தான் என்று சொல்லிவைத்தேன். நாற்பது டிகிரி வெயிலில் எடுத்த படம் அது. ஞாயிற்றுக்கிழமை நானும் குமாரும் ஏரிக்குப் போனோம். பலகைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் பிறந்தமேனிக்குக் குளித்துக்கொண்டிருக்க, நான் என் பூப்போட்ட சுடிதாரோடு தண்ணீரில் இறங்கினேன். அது உப்பிக்கொண்டு என்னைச் சுற்றி மிதந்தது. ஒரு அம்மாள் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.