மொட்டை மாடியில் மறுதீர்ப்பு

பாரிவாக்கம் ஃபிளாட்டுக்குக் குடிவந்த மறுநாள் சாயங்காலம், காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போன கௌதமைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார் இருதயராஜ். "வா நைனா, ஓட்டுப் போட ஆள் கொறையுது."

பத்து வருஷத்துக்கு முந்தைய படங்களில் துணை வேடத்துக்கான விருது யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று அந்த ஃபிளாட்காரர்கள் வருஷா வருஷம் கூடித் தீர்ப்பை மாற்றுவார்கள். பூந்தமல்லியில் லேத் பட்டறை வைத்திருக்கும் இருதயராஜ் தொடங்கிவைத்த வழக்கம் அது. கதாநாயகியின் அண்ணனாக வந்து, சாப்பாட்டுக் காட்சியில் மூச்சுவிடாமல் தங்கையைத் திட்டியவருக்குத்தான் இந்த முறை விருது என்று தன் மீசையையே பந்தயம் கட்டியிருந்தார். அவர் மனைவி ராணியோ, அதே காட்சியில் வாயே திறக்காத அம்மாவின் கட்சி.

இருட்டியதும் சுவரில் படம் ஓடியது. மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் குழந்தை தூங்குகிறது என்று சத்தத்தை நிறுத்தினார்கள். வசனம் போனதும் அண்ணன் வெறுமனே வாயை அசைத்துக்கொண்டிருந்தார். அம்மாவோ சோற்றுக் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி, மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளின் இலையில் சோற்றைப் போட்டாள். மாடியே அவள் கையைத்தான் பார்த்தது.

ஓட்டு சமமாக நின்றது. இருதயராஜ் மட்டும் பாக்கி.

"இன்னாய்யா, மீசைய நெனச்சுகினு கீறியா?" என்றாள் ராணி.

"மீசை வளந்துடும்மே. அந்தம்மாவுக்குச் சேர வேண்டியதைத் தடுத்துட்டு எப்டித் தூங்குறது?" என்று அம்மாவுக்காகக் கையைத் தூக்கினார்.

இப்போது மழித்த முகத்தோடு பட்டறைக்குப் போய்வருகிறார். "முதலாளி இல்லையா?" என்று வருகிறவர்கள் அவரிடமே கேட்கிறார்கள்.