புயல் திரும்பும் திசை

நெய்வேலி ஆர்ச் கேட்டில் பண்ருட்டி பேருந்துக்காக நிற்கிறேன். பக்கத்தில் நிற்கும் செல்வி முத்தாண்டிக்குப்பத்துக்காரர். முன்பு வந்த புயலில் அவருடைய முந்திரித் தோப்பு அடியோடு சாய்ந்துவிட்டதாம். மறுபடி வைத்த ஒட்டுக்கன்றுகள் இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன.

"பொயலு இங்க வருதுங்களா?" என்று கேட்கிறார்.

"வடக்க திரும்பிடும்னு செய்தியில சொல்றாங்க."

அவர் அனல் நிலையப் புகையைக் காட்டுகிறார். "பொகை தெக்கால இல்ல போவுது?"

"அது தாழ வீசுற காத்துங்க. அந்த உயரத்து மேகத்தைப் பாருங்க, எதிர்ப்பக்கம் ஓடுது. புயலைத் திருப்புறது அந்தக் காத்துதான்."

செல்வியின் முகம் தெளிகிறது. பிறகு, "வடக்கன்னா எங்க?" என்கிறார்.

"ஆந்திராவுல, ஸ்ரீகாகுளம் பக்கம்."

பேருந்து வருகிறது. அவர் ஏறாமல் ஒதுங்கிப் போனை எடுக்கிறார். அந்த ஊர் முந்திரிக் கம்பெனியில் சில காலம் கொட்டை உடைத்தவராம். கூட வேலை செய்த லட்சுமி இன்னும் அங்கேதான், தகரக் கொட்டகையில் இருக்கிறாள்.

தெலுங்கில் உரக்கப் பேசுகிறார். பேருந்து எங்கள் இருவரையும் விட்டுவிட்டுப் போகிறது.

"ஏங்க, பஸ்ஸு போயிடுச்சே?"

போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சொல்கிறார். "போவட்டும். புள்ளைங்கள கூட்டிக்கினு இஸ்கூலுக்குப் போடின்னா, நாளைக்குப் பாக்கலாம்ன்றா. அவ கெளம்புற வரைக்கும் நான் வைக்கமாட்டேன்."